வலது ஓரப் பத்தி: டென்வர் நகெட்ஸ் ரசிகர்கள் அட்டவணை படித்த கதை

ஆகஸ்ட் மாத நடுவில், அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. அந்தப் பருவத்துக்கான ஆட்ட அட்டவணையை வெளியிடும். அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்களுக்கு அது ஒரு சின்னத் திருவிழா. ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டங்கள். 41 சொந்த ஊரில், 41 வெளியூரில். தேதி, எதிரணி, நேரம், கடைசியாக வலது ஓரப் பத்தியில் எந்தச் சேனல் என்ற விவரம். பெரும்பாலான ஊர்களில் இதை இடமிருந்து வலமாகத்தான் படிப்பார்கள். கிறிஸ்துமஸ் அன்று நமக்கு ஆட்டம் உண்டா, லேக்கர்ஸ் எப்போது நம் ஊருக்கு வருகிறார்கள், இரண்டு இரவு தொடர்ந்து ஆடும் 'பேக் டு பேக்' எத்தனை என்று பார்த்துவிட்டு, சேனல் பக்கம் அப்புறம்தான் கண் போகும்.

டென்வர் நகெட்ஸ் ரசிகர்கள் ஏறக்குறைய ஐந்தரை ஆண்டுகள் அந்தப் பத்தியிலிருந்துதான் தொடங்கினார்கள். 2019 செப்டம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, டென்வரின் மிகப் பெரிய கேபிள் நிறுவனமான காம்காஸ்ட்டின் சந்தாதாரர்களுக்கு, நகெட்ஸ் ஆட்டங்களைக் காட்டும் அணியின் சொந்தச் சேனலே தெரியவில்லை. இவ்வளவுக்கும் அது மோசமான அணி இல்லை. அதே ஐந்தரை ஆண்டுகளில்தான் அணியின் நட்சத்திரம் நிகோலா யோகிச் மூன்று முறை ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். அதே ஐந்தரை ஆண்டுகளில்தான் அணி தன் முதல் என்.பி.ஏ. கோப்பையையும் வென்றது.

ரசிகர்கள் யார்மேல் கோபப்பட்டார்கள், அந்தக் கோபம் ஏன் எதையும் அசைக்கவில்லை, கடைசியில் எது அசைத்தது என்று பார்ப்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்று ஒப்பந்தங்கள் ஒரே நேரத்தில்

நகெட்ஸின் உரிமையாளர் ஸ்டான் க்ரோன்கியின் நிறுவனம். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ், லண்டனின் ஆர்சனல் ஆகிய அணிகளும் அவர்களுடையவைதான். டென்வரிலேயே ஐஸ் ஹாக்கி ஆடும் கொலராடோ அவலாஞ்சும் அவர்களுடையது. இந்த இரண்டு டென்வர் அணிகளின் ஆட்டங்களையும் காட்டுவதற்காக 2004-இல் சொந்தமாக ஒரு சேனல் தொடங்கினார்கள். பெயர் ஆல்டிட்யூட், அதாவது உயரம். கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கும் ஊருக்குப் பொருத்தமான பெயர்தான்.

இப்படிப்பட்ட வட்டார விளையாட்டுச் சேனல்கள் பிழைக்கும் வழி ஒன்று. கேபிள் நிறுவனம் தன் அடிப்படைத் தொகுப்பில் சேனலைச் சேர்க்கும். ஒவ்வொரு சந்தாதாரருக்கும் மாதம் இத்தனை டாலர் என்று சேனலுக்குக் கொடுக்கும். அந்தப் பணம் வாடிக்கையாளரின் பில்லில் ஏறும். கூடைப்பந்து என்றால் என்னவென்றே தெரியாத பாட்டியும் கொடுப்பார். பார்க்காதவர்களின் காசில் பார்ப்பவர்களுக்கு ஆட்டம். பத்துப் பதினைந்து ஆண்டுகள் இது எல்லோருக்கும் வசதியாகவே ஓடியது. பிறகு ஜனங்கள் கேபிளையே துண்டித்துவிட்டு நெட்ஃபிளிக்ஸ் பக்கம் போக ஆரம்பித்தார்கள். பில் தொகையைக் குறைத்தாக வேண்டிய கட்டாயம் கேபிள் நிறுவனங்களுக்கு வந்தது. அடிப்படைத் தொகுப்பில் அதிக விலை கொண்டவை விளையாட்டுச் சேனல்கள். கத்தி முதலில் எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2019 ஆகஸ்ட் இறுதியில் காம்காஸ்ட், செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனங்களான டிஷ், டைரெக்டிவி ஆகிய மூன்றுடனும் ஆல்டிட்யூட் போட்டிருந்த ஒப்பந்தங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முடிந்தன. மூன்றிலும் சேனல் மறைந்தது. டைரெக்டிவி மட்டும் பருவம் தொடங்கிய சில நாட்களில், அக்டோபர் இறுதியில், புது ஒப்பந்தம் போட்டது. மற்ற இரண்டும் அசையவில்லை. இதில் டிஷ் நிறுவனத்தின் தலைமையகமே டென்வரை ஒட்டிய ஊரில்தான் இருக்கிறது. சொந்த ஊர்ப் பாசம் எல்லாம் பேரத்தில் வராது.

காம்காஸ்ட் சொன்னதன் சாரம் இது: எங்கள் வாடிக்கையாளரில் பெரும்பாலோர் இந்தச் சேனலைப் பார்ப்பதே இல்லை, எல்லோர் தலையிலும் கட்ட முடியாது, விரும்புகிறவர் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் விளையாட்டுத் தொகுப்பில் வையுங்கள், விலையையும் குறையுங்கள். ஆல்டிட்யூட் சொன்னது: அப்படிச் செய்தால் சேனலே நிற்காது. 2019 நவம்பரில் ஆல்டிட்யூட் ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் காம்காஸ்ட்மேல் வழக்குத் தொடுத்தது.

இரண்டு பக்கமும் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் இந்தக் கதையின் சிக்கலே. அப்பட்டமாக ஒருவர் வில்லனாக இருந்திருந்தால் விஷயம் சீக்கிரம் முடிந்திருக்கும்.

அட்டவணையில் எது கண்ணுக்குத் தெரியும்?

மற்ற ஊர்களில் ரசிகர்கள் 'தேசிய ஒளிபரப்பு எத்தனை' என்று எண்ணுவது மரியாதைக் கணக்கு. அப்போதைய தேசியச் சேனல்களான ஈ.எஸ்.பி.என்., டி.என்.டி., ஏ.பி.சி. ஆகிய மூன்றும் எந்த அணியின் ஆட்டங்களை எத்தனை முறை எடுத்துக்கொண்டன என்பதை வைத்து 'லீக் நம்மை மதிக்கிறதா' என்று அளந்தார்கள். லேக்கர்ஸும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸும் எப்போதும் உச்சத்தில் இருப்பார்கள். மலையடிவார ஊர் அணிகள் முணுமுணுக்கும். ஆண்டுக்கு ஆண்டு நடப்பதுதான்.

டென்வரில் இந்தக் கணக்குக்கு வேறு அர்த்தம் வந்தது. தேசியச் சேனல்கள் காம்காஸ்ட் பெட்டியில் தெரியும். ஆல்டிட்யூட் தெரியாது. ஆகவே தேசிய ஆட்டம் ஒவ்வொன்றும் வீட்டில் உட்கார்ந்து பார்க்கக் கிடைக்கும் ஆட்டம். மீதி எல்லாம் வெறும் தேதிகள். அட்டவணை வெளியான அன்று இவர்கள் கேட்டது 'நம்மை மதிக்கிறார்களா' என்பதை விட 'நமக்குக் காட்டுகிறார்களா' என்பதைத்தான்.

அதிலும் ஒரு பொறி இருந்தது. லீக்கின் சொந்தச் சேனலான என்.பி.ஏ. டிவியில் வரும் ஆட்டங்களும் தேசிய ஒளிபரப்புக் கணக்கில் சேரும். ஆனால் அந்த ஆட்டத்தில் ஆடும் அணியின் சொந்த வட்டாரத்தில் அது மறைக்கப்படும், உள்ளூர்ச் சேனலுக்குத்தான் அங்கே உரிமை என்பதால். நாடு முழுக்கத் தெரியும், டென்வரில் தெரியாது. அட்டவணையின் வலது ஓரத்தில் 'என்.பி.ஏ. டிவி' என்று பார்த்து மகிழ்ந்தவர் விவரம் தெரியாத புது ரசிகர். பழையவர்கள் அதை முதலிலேயே கழித்துவிடுவார்கள்.

'லீக் பாஸ்' என்ற இணையச் சந்தா இருக்கிறதே என்று கேட்கலாம். எல்லா அணிகளின் ஆட்டத்தையும் பார்க்கலாம் என்று விற்கப்படும் சந்தா. அமெரிக்காவுக்குள் அதிலும் உள்ளூர் அணிக்கு இருட்டடிப்பு உண்டு. டென்வர்க்காரர் காசு கட்டினால் சார்லட், ஒர்லாண்டோ, சாக்ரமென்டோ எல்லாம் பார்க்கலாம். சொந்த ஊர் அணியை மட்டும் நேரலையில் பார்க்க முடியாது. இந்த வட்டாரம் நகரத்தோடு முடிவதும் இல்லை. பல மணி நேரம் காரில் போனால்தான் அரங்கம் என்ற தூரத்தில் வயோமிங் மாநிலத்தில் இருப்பவரும் 'உள்ளூர்' ரசிகர்தான்.

வெளிநாடுகளில் விற்கப்படும் லீக் பாஸில் இந்த உள்ளூர் இருட்டடிப்பு கிடையாது. டென்வரில் குளிர்கால மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் சென்னையில் மறுநாள் காலை ஏழரை மணி. சந்தா கட்டிய ஒருவர் கையில் காபியோடு யோகிச்சின் பாஸ்களைப் பார்த்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பலாம். யோகிச்சின் சொந்த ஊரான செர்பியாவின் சோம்போரில் அப்போது அதிகாலை மூன்று மணி. அங்கேயும் விழித்திருந்து பார்ப்பவர்கள் உண்டு. அரங்கத்திலிருந்து நான்கு தெரு தள்ளி, காம்காஸ்ட் பெட்டி வைத்திருப்பவருக்குத்தான் ஆட்டம் இல்லை.

தேசிய ஆட்டங்கள் கிடைத்தபோதும் நேரம் ஒரு தொல்லை. தேசியச் சேனல்கள் ஓர் இரவில் இரண்டு ஆட்டம் காட்டும். முதலாவது கிழக்குப் பக்க அணிகளுக்கு, இரண்டாவது மேற்குப் பக்கத்துக்கு. டென்வர் பெரும்பாலும் இரண்டாவதில் விழும். நியூயார்க்கில் இரவு பத்து என்றால் டென்வரில் எட்டு. ஆட்டம் முடிய இரண்டரை மணி நேரம். மறுநாள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை முதல் பாதியோடு தூங்கிப்போகும். கிழக்கில் நள்ளிரவு தாண்டிவிடும். அங்கே இருக்கும் பத்திரிகையாளர்கள் பலர் தூங்கிப்போயிருப்பார்கள் என்பது டென்வர் ரசிகர்களின் நிரந்தரச் சந்தேகம். 'யோகிச்சை யாரும் பார்ப்பதில்லை, அதனால்தான் குறைத்து மதிப்பிடுகிறார்கள்' என்று அவர்கள் வாதாடும்போதே, அவர்களில் பாதிப் பேர் அவரை அந்த வாரம் பார்த்திருக்கவில்லை என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

சரி, அவர்கள் என்னதான் செய்தார்கள்? சிலர் கூரையில் டைரெக்டிவி தட்டு வைத்தார்கள். வாடகை அடுக்குமாடியில் இருப்பவருக்கு அது எளிதில்லை. இணைய இணைப்பும் காம்காஸ்ட்டிடமே இருக்கும் வீட்டில் தொலைக்காட்சியை மட்டும் பிரித்து எடுத்தால் கணக்கு உதைக்கும். சிலர் டைரெக்டிவி வைத்திருக்கும் பாரைத் தேடிப் போனார்கள். சிலர் வி.பி.என். போட்டுத் தாங்கள் வேறு நாட்டில் இருப்பதுபோல லீக் பாஸை ஏமாற்றினார்கள். விதிமீறல் என்று தெரிந்தே. திருட்டு ஒளிபரப்புப் பக்கம் போனவர்கள் எத்தனை பேர் என்பதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். வானொலி மட்டும் எல்லோருக்கும் இலவசம். 2020-களில், உலகின் மிகச் சிறந்த கூடைப்பந்து வீரனின் ஆட்டத்தை, ஒரு பெரிய அமெரிக்க நகரம் காதால் கேட்டது.

இன்னொரு இழப்பு, யாரும் அதிகம் பேசாதது: வர்ணனையாளரின் குரல். ஆல்டிட்யூட்டில் நகெட்ஸ் ஆட்டங்களுக்குக் குரல் கொடுத்துவந்தவர் கிறிஸ் மார்லோ. 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க வாலிபால் அணியின் கேப்டன்; சேனல் தொடங்கிய நாளிலிருந்து அவர் குரல்தான். ஒரு அணி ஒரு ஊருக்குச் சொந்தமாவதில் இப்படிப்பட்ட குரல்களுக்குப் பங்கு உண்டு. தேசியச் சேனல் வர்ணனையாளர் இரண்டு அணிக்கும் பொதுவானவர். உள்ளூர்க்காரர் நம் பக்கம். ஐந்தரை ஆண்டுகளில் ரசிகர்களாக வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு மார்லோவின் குரல் பழக்கமே ஆகவில்லை.

இருட்டில் நடந்தவை

2018-19 பருவத்தில் நகெட்ஸ் 54 வெற்றி, 28 தோல்வி. மேற்குப் பிரிவில் இரண்டாம் இடம். நீண்ட வறட்சிக்குப் பிறகு ஊருக்கு நம்பிக்கை வந்த பருவம் அது. அடுத்த பருவ அட்டவணை வந்த அதே மாத இறுதியில் திரை அணைந்தது. இதைவிட மோசமான நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

அந்த 2019-20 பருவம் பெருந்தொற்றால் நின்று, ஒர்லாண்டோவில் பார்வையாளர் இல்லாத வளாகத்தில் முடிந்தது. அங்கே நகெட்ஸ் யூட்டாவிடமும், பிறகு கிளிப்பர்ஸிடமும் 3-1 என்று பின்தங்கி, இரண்டு தொடரையும் வென்று மேற்குப் பிரிவு இறுதிக்குப் போனது. பிளேஆஃப், அதாவது பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகள்; அதில் முதல் சுற்றை உள்ளூர்ச் சேனலும் காட்டலாம். இரண்டாம் சுற்றிலிருந்து தேசியச் சேனல்களுக்கே உரிமை. ஆக, காம்காஸ்ட் வீடுகளில் நகெட்ஸ் முழுதாகத் தெரிய ஆரம்பித்தது பிளேஆஃபில்தான். இது பின்னால் ஒரு வழக்கமாகவே ஆனது: குளிர்காலம் முழுக்கக் காணாமல் போகும் அணி, வசந்தம் வந்ததும் திரையில் முளைக்கும். ஆறு மாதம் அந்த அணி எப்படிச் சேர்ந்து ஆடக் கற்றுக்கொண்டது என்பதைப் பார்க்காமல், பரீட்சையை மட்டும் பார்ப்பது.

2021-இல் யோகிச் முதல் முறையாக ஆண்டின் மிகச் சிறந்த வீரர் ஆனார். அணிகள் புது வீரர்களை வரிசையாக எடுக்கும் வீரர் தேர்வில், 2014-இல் 41-ஆவதாக எடுக்கப்பட்டவர். அவ்வளவு பின்னால் தேர்வான யாரும் அதுவரை அந்த விருதை வாங்கியதில்லை. அந்தத் தேர்வில் அவர் பெயர் அறிவிக்கப்பட்ட நேரத்தில் தொலைக்காட்சியில் உணவக விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது என்பது பழைய கதை. திரையில் தெரியாமல் போவது அவருக்கு அன்றைக்கே தொடங்கியிருக்கிறது. 2021-22 பருவத்தில் 2,000 புள்ளி, 1,000 ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), 500 அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது) ஆகிய மூன்றையும் ஒரே பருவத்தில் எட்டிய முதல் வீரர் ஆகி, மறுபடியும் விருது. விருது வழக்கமான பருவ ஆட்டங்களுக்கானது. எந்த ஆட்டங்களுக்காக அது கொடுக்கப்பட்டதோ அவற்றில் பெரும்பாலானவை காம்காஸ்ட் வீடுகளில் தெரியாதவை.

2022 ஜூனில் அவலாஞ்ச் ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையை வென்றது. அதே உரிமையாளர், அதே சேனல், அதே இருட்டு. 2023 மார்ச்சில் ஆல்டிட்யூட்டும் காம்காஸ்ட்டும் வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டன. என்ன பேசினார்கள் என்று வெளியிடவில்லை. ரசிகர்கள் பெட்டியைப் போட்டுப் பார்த்தார்கள். சேனல் வரவில்லை. மூன்றரை ஆண்டுக் காத்திருப்பில் அவர்களுக்கு அதிகம் கசந்தது இந்த இடம்தான் என்று நினைக்கிறேன். சண்டை முடிந்துவிட்டது, ஆட்டம் மட்டும் இன்னும் தெரியாது.

மூன்று மாதம் கழித்து, 2023 ஜூன் 12 அன்று, மயாமி ஹீட்டை 94-89 என்று ஐந்தாவது ஆட்டத்தில் தோற்கடித்து நகெட்ஸ் கோப்பையை எடுத்தது. 1976-இல் என்.பி.ஏ.வில் சேர்ந்த அணிக்கு முதல் கோப்பை. இறுதித் தொடர் ஏ.பி.சி.யில், ஆன்டெனா வைத்த வீட்டிலும் தெரியும். ஊரே பார்த்தது, ஊர்வலத்தில் ஊரே நின்றது. அந்தக் கூட்டத்தில் நின்றவர்களில் எத்தனையோ பேருக்கு ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஆட்டம் ஒன்றைப் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன.

இவ்வளவு நாள் ஏன் இழுத்தது

'கோப்பை வென்ற அணி, உலகின் சிறந்த வீரர், இவ்வளவு ரசிகர்கள். எப்படிக் காட்டாமல் இருக்க முடியும்?' என்று அந்த நாட்களில் எல்லோரும் கேட்டார்கள். காட்டாமல் இருந்ததால் யாருக்கு எவ்வளவு வலித்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

காம்காஸ்ட்டுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. கோபித்துக்கொண்டு போனவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் கேபிள் தொலைக்காட்சியை விட்டு ஜனங்கள் எப்படியும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். இணைய இணைப்பு வியாபாரம் கையைவிட்டுப் போகவில்லை. ஆல்டிட்யூட்டுக்குக் கொடுக்க வேண்டிய பணமும் மிச்சம்.

க்ரோன்கி பக்கம் வலித்தது. ஆனால் தாங்கக்கூடிய வலி. சேனல் நஷ்டப்பட்டாலும் அணிக்கு வேறு வருமானம் இருந்தது. 2016-17 முதல் ஒன்பது ஆண்டுக்கு என்.பி.ஏ. போட்ட தேசிய ஒளிபரப்பு ஒப்பந்தம் 2,400 கோடி டாலர். அது 30 அணிகளுக்கும் சமமாகப் பிரியும். வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஓர் அணிக்கு எட்டு, ஒன்பது கோடி டாலர். உள்ளூரில் ஒருவர்கூடப் பார்க்காவிட்டாலும் வரும் பணம் அது. 2022-இல் யோகிச்சுடன் ஐந்து ஆண்டுக்கு 25 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட அவர்களுக்குத் தடை ஏதும் இருக்கவில்லை.

அடுத்ததுதான் முக்கியம். அணியும் சேனலும் ஒரே கையில். வேறு ஊர்களில் அணி ஒருவருடையது, சேனல் இன்னொருவருடையது; சேனல் மூழ்கினால் அணி உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு வழி பார்க்கும். டென்வரில் சேனலை மூழ்கவிடும் அளவுக்கு உரிமையாளருக்குப் பணமுடை இல்லை; அணியே சேனலை விட்டு ஓடவும் வழியில்லை, ஓடினால் தன் சொத்தையே தான் கொல்வதாகும். பணக்கார உரிமையாளர் இருப்பது அணிக்கு நல்லது என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். இங்கே அந்தப் பணம்தான் இருட்டை நீட்டித்தது.

விலையைக் குறைத்துக் காம்காஸ்ட்டுக்குக் கொடுத்திருக்கலாமே என்றால், இத்தகைய ஒப்பந்தங்களில் பொதுவாக ஒருவருக்குக் கொடுத்த சலுகையை மற்றவர்களும் கேட்பார்கள். ஒரு வாசலில் குறைத்தால் எல்லா வாசலிலும் குறைக்க வேண்டிவரும். இந்த நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருடத்துக்கு இருபது முப்பது ஆட்டத்தையாவது ஆன்டெனாவில் வரும் சாதாரண உள்ளூர் நிலையத்துக்குக் கொடுத்திருக்க முடியாதா? சேனலின் மதிப்பு குறைந்துவிடும் என்ற பயம் இருந்திருக்கும். பாதி ஊருக்குத் தெரியாத சேனலுக்கு என்ன மதிப்பு மிச்சம் இருந்தது என்பதுதான் என் கேள்வி. ரசிகர்களின் கோபம் காம்காஸ்ட்டைவிடக் க்ரோன்கிமேல் ஒரு பங்கு கூடுதலாக விழுந்திருந்தால் அது நியாயம் என்றே சொல்வேன்.

ரசிகரிடம் பேரம் பேச ஒன்றும் இல்லை. கோபத்தில் அவர் சந்தாவை நிறுத்தினால் அது 'கேபிளைத் துண்டித்த இன்னொருவர்' என்ற பொதுக் கணக்கில் போய்ச் சேரும். அவர் அணியை விடவும் மாட்டார். அது எதிர்ப் பக்கத்துக்கும் தெரியும்.

பக்கத்து ஊர்களில்

டென்வர் கோப்பை வென்ற அதே 2023-இல் பக்கத்து மாநிலங்களில் இரண்டு அணிகள் வேறு பாதையில் போயின. ஃபீனிக்ஸ் சன்ஸை அந்த ஆண்டு பிப்ரவரியில் வாங்கிய மேட் இஷ்பியா, இரண்டு மாதத்தில், ஆட்டங்களை ஆன்டெனாவில் இலவசமாகக் காட்டப்போவதாக அறிவித்தார். அவர்களின் பழைய சேனலை நடத்திய டைமண்ட் நிறுவனம் மார்ச்சில்தான் திவால் மனு கொடுத்திருந்தது. நீதிமன்றத்தில் கொஞ்சம் இழுத்தது. ஜூலையில் வழி திறந்தது. யூட்டா ஜாஸும் அந்தப் பருவமே உள்ளூர் நிலையத்துக்கு மாறியது. டென்வர் ரசிகர்கள் எல்லைக்கு அப்பால் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். கோப்பை இங்கே, படம் அங்கே.

பிப்ரவரி 2025

அசைந்தது மெதுவாக. 2023-24 பருவம் தொடங்கியபோது ஆல்டிட்யூட் தன் நேரடி இணையச் சந்தாவைக் கொண்டுவந்தது. மாதம் சுமார் 20 டாலர். கேபிளே வேண்டாம், எங்களிடம் வாங்குங்கள் என்று சொல்ல நான்கு ஆண்டு ஆகியிருக்கிறது. 2024 அக்டோபரில் இன்னொரு படி: 20 நகெட்ஸ் ஆட்டங்களும் 20 அவலாஞ்ச் ஆட்டங்களும் டென்வரின் சாதாரண உள்ளூர் நிலையத்தில், ஆன்டெனா வைத்தால் இலவசம். அந்த ஆண்டு ரசிகர்கள் அட்டவணையை மறுபடி எடுத்து, எந்த 20 என்று வட்டமிட்டார்கள். 82-இல் 20 அதிகம் இல்லை. ஆனால் ஐந்து ஆண்டில் முதல் முறையாகக் கூட்டல் கணக்கு.

2025 பிப்ரவரியில் காம்காஸ்ட்டும் ஆல்டிட்யூட்டும் கைகுலுக்கின. சேனல் திரும்பி வந்தது. எல்லோருக்குமான அடிப்படைத் தொகுப்பில் இல்லை, கூடுதலாகக் காசு கொடுக்கும் மேல் தொகுப்பில். 2019-இல் காம்காஸ்ட் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். நடுவில் போன ஐந்தரை ஆண்டுக்கு ரசிகர் யாரிடம் ரசீது கேட்பது?

வந்த சேனலை அந்தப் பருவத்தின் கடைசி இரண்டு மாதத்துக்கு அவர்கள் பார்த்தார்கள். யோகிச் அந்தப் பருவத்தை 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்ட், 10.2 அசிஸ்ட் சராசரியோடு முடித்தார். ஏப்ரலில், வழக்கமான பருவம் முடிய மூன்றே ஆட்டம் இருக்கும்போது, கோப்பை வென்று கொடுத்த பயிற்சியாளர் மைக்கேல் மலோனை நிர்வாகம் நீக்கியது. அந்தக் களேபரத்தையாவது ஊர் நேரலையில் பார்த்தது.

ஆகஸ்டில் 2025-26 அட்டவணை வந்தபோது வலது ஓரப் பத்தியில் புதுப் பெயர்கள். 1989-இலிருந்து என்.பி.ஏ.வைக் காட்டிவந்த டி.என்.டி. போய்விட்டது. லீக்கின் புதிய ஒப்பந்தம் 11 ஆண்டுக்கு, சுமார் 7,600 கோடி டாலர், ஈ.எஸ்.பி.என்.-ஏ.பி.சி., என்.பி.சி., அமேசான் பிரைம் ஆகிய மூன்று தரப்புக்கும். என்.பி.சி.யின் இணையச் சேவையான பீகாக்கில் மட்டும் வரும் ஆட்டங்கள் உண்டு. பிரைமில் மட்டும் வருபவை உண்டு. உள்ளூர் ஆட்டத்துக்கு ஆல்டிட்யூட் தனி. டென்வர் ரசிகர்கள் மறுபடியும் வலமிருந்து படித்தார்கள், இந்த முறை எத்தனை சந்தா கட்ட வேண்டும் என்று கூட்டிப் பார்ப்பதற்காக.

என்.பி.சி.யின் தாய் நிறுவனம் காம்காஸ்ட்.